டெல்பர்ட்டின் நாற்காலியும் என் கெளுத்தி மீனும்

டெல்பர்ட் நைகார்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது அவனோடு அரை மணி நேரம் பேசிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ரயில் கூவினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பான். மழை பெய்தால் குடை தேடமாட்டான். கொல்லையில் நட்டுவைத்திருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஓடுவான். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் கடுகுப் பாட்டிலையும் ஆள்களாக நிறுத்தி, பகடை உருட்டி, ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தைத் தனியாகவே ஆடி முடிப்பான். எந்தப் பக்கம் தோற்றாலும், தோற்ற பக்கத்துக்காக அன்று முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவான்.

என்னைவிட மூன்று வயது சின்னவன். அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். டோர்சன் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவன். என் புருஷன் ஆர்வில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தபடியே மார்வலியில் போனார். பாதித் தலைதான் வெட்டி முடிந்திருந்தது. மீதியையும் வெட்டச் சொல்லி அதற்குப் பிறகுதான் பெட்டியில் வைத்தோம். அன்று பக்கத்து இருக்கையில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவன் டெல்பர்ட். நுரையைக்கூடத் துடைக்காமல் என் வீட்டுக் கதவைத் தட்டி, "வெர்னா, ஆர்வில் அவுட்" என்றான். நான் அவனை விளக்குமாற்றால் அடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு என் வீட்டில்தான். அது எப்படி அப்படி ஆனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு நாற்காலி.

எங்கள் ஊர் டீமுக்கு டோர்சன் கெளுத்திகள் என்று பெயர். மிசிசிப்பி ஓரத்து ஊருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மைதானத்தில் பார்வையாளர் கூரைக்கு மேலே தகரத்தில் ஒரு கூண்டு இருக்கிறது. கூண்டுக்குள் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவன்தான் ஸ்கோரர். பந்தை அடித்தவன் ஓடிப்போய்த் தளத்தை மிதித்துவிட்டால், அது அவன் கெட்டிக்காரத்தனமா, பந்தைப் பிடிக்க வேண்டியவனின் சொதப்பலா என்று அவன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரத்தனம் என்றால் அடி. கூண்டில் பச்சை பல்பு எரியும். சொதப்பல் என்றால் பிழை. சிவப்பு எரியும். பிழை வாங்கியவன் பெயருக்கு நேரே அது ஏறி, அவன் செத்த பிறகும் அங்கேயே நிற்கும்.

எமரி என்ற வங்கிக் குமாஸ்தா எங்களுக்கெல்லாம் வயதாகும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. ஒரு வசந்த காலத்தில் முட்டி வலி தாங்காமல் அரிசோனாவுக்கு வீடு மாறிப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட் புது டை கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தான். தட்டைத் தொடவே இல்லை.

"சாப்பிடு டெல்பர்ட். ஆறிப் போகுது."

"குடுத்துட்டாங்க, வெர்னா."

"எதை?"

"நாற்காலிய."

சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு மசியலுக்குள் அழுதான். கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"உப்பு நான் ஏற்கெனவே போட்டுட்டேன்" என்றேன்.

அந்தக் கோடை முழுக்க அவன் தீர்ப்புச் சொல்லாத விஷயம் இல்லை. ஊர்க்காரர்கள்தான் கெடுத்தார்கள். மெயின் தெரு ஓட்டலில் பரிமாறுகிற மேவிஸ் ஒரு தட்டைக் கீழே போட்டால், எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்புவார்கள். "அடியா பிழையா, டெல்பர்ட்?"

அவன் சிரிக்கமாட்டான். "தட்டு ஈரமா இருந்துச்சா, மேவிஸ்?"

"இல்லப்பா."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்ல. சும்மாதான் விட்டுட்டேன்."

"பிழை. மேவிஸ்." மேவிஸ் தலையைக் குனிந்துகொள்வாள். வங்கி முன்னால் இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டபோது, போலீஸ்காரர் டெல்பர்ட் வரும்வரை போக்குவரத்தை நிறுத்திவைத்தார். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளும் அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வந்தன. லுத்தரன் கோயில் பாதிரியாருக்கு வேலை குறைந்துபோனது. அவருக்கு அதில் வருத்தம்.

நான் டீமுக்குத் துணி துவைக்கிறவள். பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்டவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம். எங்கள் ஊரில் ஆட்டக்காரப் பையன்களுக்கு ஓட்டல் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தனாகப் பங்கு போடுவார்கள். எனக்கு வந்தவன் ஒக்லஹோமாக்காரன், பெயர் லைல் டக்கட். நல்ல பையன். நாய்க்குக்கூட "மேடம்" போடுவான். அந்தக் கோடையில் அவன் ஓர் ஆட்டம் விடாமல் அடித்துக்கொண்டே போனான். இன்னும் ஓர் ஆட்டம் அடித்தால் லீக்கின் பழைய சாதனையைத் தொட்டுவிடுவான் என்று பேப்பரில் போட்டார்கள்.

ஆட்டக்காரன் அடித்துக்கொண்டே இருக்கும்போது எதையும் மாற்றமாட்டான். லைல் சாக்ஸை மாற்றவில்லை. துவைக்கவும் விடவில்லை.

"அதத் தொடாதீங்க மேடம். துவைச்சா போயிடும்."

"நான் எங்கடா தொடறேன்? அதுதான் என்னைத் தொட வருது."

காலையிலும் மதியத்திலும் ராத்திரியிலும் பாலில் வேகவைத்த மக்காச்சோளம் மட்டும்தான் சாப்பிட்டான். அடிக்க ஆரம்பித்த அன்று அதைச் சாப்பிட்டானாம். படுக்கையில் எந்தப் பக்கம் படுத்தானோ அந்தப் பக்கம்தான் தினமும் படுத்தான். திரும்பிப் படுத்துவிடக் கூடாது என்று விழித்துக்கொண்டே கிடந்தான். பையன் முகம் துணி பிழிந்த மாதிரி ஆகிவிட்டது.

வெளியூர் ஆட்டங்களுக்கு எங்கள் ஸ்கோரருக்கு வேலை இல்லை. அந்தந்த ஊர்க்காரன் பார்த்துக்கொள்வான். ஆனாலும் டெல்பர்ட் போயே ஆக வேண்டும். வண்டி ஓட்ட அவனுக்குத் தைரியம் கிடையாது. ஓட்டும்போது தந்திக் கம்பங்களை எண்ண ஆரம்பித்துவிடுவான். அதனால் ஆர்விலின் பழைய பிக்கப்பை நான்தான் ஓட்டினேன். லீக்கில் இருக்கிற எல்லா ஊருக்கும் போனோம். போகிற வழியில் எந்தக் கடையில் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் நன்றாக இருந்தது, எதில் மேலோடு மட்டும்தான் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு. போய்ச் சேர்ந்ததும் ஆட்டத்துக்கு முன்னால் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு கரண்டி மண்ணை அள்ளி, என் ஜாம் ஜாடியில் போட்டு மூடி வைத்துக்கொள்வான். ஹாக்ஸ்பி ஊரில் அதை நாக்கில் வைத்துப் பார்த்து, "களி அதிகம்" என்றான். அந்த ஊர் மைதானக் காவலாளி எங்களை வண்டிவரை துரத்தினான்.

பெல்மார் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். நான் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன். பின்னால் ஜாடிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தார்.

"அது என்ன?"

"மண்ணு, ஆபீசர்" என்றான் டெல்பர்ட்.

"எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பார்க்க."

"எதோட?"

"மத்த மண்ணோட."

போலீஸ்காரர் குனிந்து என் பக்கம் பார்த்தார். "மேடம், இவரு உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று அபராதம்கூடப் போடாமல் விட்டுவிட்டார்.

இனி மீன் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் வடிந்த பிறகு மைதானத்தில் ஒரு கெளுத்தி துள்ளிக்கொண்டு கிடந்தது. அதை யாரும் எடுக்காமலேயே ஆட்டம் நடந்தது. நாங்கள் ஜெயித்தோம். அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் நாங்கள் கடைசியாக மட்டை பிடிக்கும்போது, ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு கெளுத்தியைக் களத்துக்குள் எறிய வேண்டும். யார் எறிவது என்பதைக் கோயில் பெண்கள் சங்கம் முறை வைத்து முடிவு செய்யும். பந்து செத்த பிறகுதான், அதாவது கோட்டுக்கு வெளியே போய் ஆட்டம் நின்ற பிறகுதான் எறிய வேண்டும், அது மட்டும்தான் கட்டுப்பாடு. வெளியூர் டீம்கள் சண்டை போட்டுப் பார்த்தன. கடைசியில் எங்கள் மானேஜர் ப்ரூயிட், 'மீன் மைதானத்தின் பாகம்' என்று சுவரில் பெயின்ட்டால் எழுதிப்போட்டான். ஒவ்வொரு மைதானத்துக்கும் அதனதன் விதி உண்டு. எழுதிப்போட்டுவிட்டால் நடுவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மைதானத்தில் மரம் இருக்கிறது, இன்னொன்றில் கோழிக்கூண்டு இருக்கிறது. எங்களிடம் மீன் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை என் முறை. எதிரே பெல்மார். ஸ்கோர் சமம். லைல் அதுவரை ஒன்றும் அடிக்கவில்லை. கடைசியாக அவன் மட்டை பிடிக்க வந்தபோது மூன்றாம் தளத்தில் எங்கள் ஆள் ஒருத்தன், வீடு என்று நாங்கள் சொல்லும் கடைசித் தளத்துக்கு ஓடத் தயாராக நின்றான். நான் மீனைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அது முழுசாகச் சாகவும் இல்லை. என் மடியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது.

லைல் மட்டையை வீசினான். நுனியில் பட்டு, பந்து கோட்டை ஒட்டி நொண்டி நொண்டி உருண்டது. கோட்டைத் தாண்டி வெளியே போனது. பந்து செத்தது என்று நினைத்து நான் எழுந்து மீனை எறிந்தேன். போன பந்து ஒரு கல்லில் பட்டுத் திரும்பி உள்ளே வந்துவிட்டது. பெல்மாரின் மூன்றாம் தளத்துப் பையன், ஹூபர் என்று பெயர், அதைப் பிடிக்கப் பாய்ந்து வந்தான். மீனை மிதித்தான். இரண்டு காலும் வானத்தைப் பார்க்க, எங்கள் ஆள்கள் உட்காரும் பள்ளத்துக்குள் சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீர் வாளியில் நின்றான். லைல் முதல் தளத்தை மிதித்தான். மூன்றாம் தளத்து ஆள் வீடு வந்து சேர்ந்தான். ஜெயித்துவிட்டோம். பெல்மார்காரர்கள் கத்தினார்கள், நடுவர் சுவரைக் காட்டினார்.

ஊரே குதித்தது. பிறகு ஒவ்வொருவராகக் குதிப்பதை நிறுத்திவிட்டுக் கூண்டைப் பார்த்தார்கள். அடி என்றால் லைல் சாதனையைத் தொட்டுவிட்டான். பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. வெகு நேரம் ஆனது. பிறகு சிவப்பு எரிந்தது. ஒலிபெருக்கியில் டெல்பர்ட் தொண்டையைச் செருமினான்.

"பிழை." கூட்டம் முனகியது. "வெர்னா க்ளோஸ்டர்."

நான் எழுந்து நின்றேன். "டேய் டெல்பர்ட்! இறங்கி வாடா கீழே!"

அவன் எழுதி முடித்துவிட்டு, பென்சிலைச் சீவி வைத்துவிட்டுத்தான் இறங்கி வந்தான்.

அதற்குள் லீக் செயலாளருக்குச் செய்தி போய்விட்டது. டெஸ் மொயின்ஸிலிருந்து போன் வந்தது. ப்ரூயிட்டின் அறையில் நாங்கள் எல்லாரும் நின்றோம். அவர் கத்தியது எங்கள் காதிலும் விழுந்தது.

"யாருய்யா அந்த க்ளோஸ்டர்? எந்த இடத்துல ஆடுறான்?"

"ஆடுறான் இல்ல சார். பொம்பள. துணி துவைக்கிறாங்க" என்றான் ப்ரூயிட்.

"பிழை வாங்கணும்னா பதிவான ஆட்டக்காரரா இருக்கணும். பதிவில்லாத ஆளைக் களத்துல இறக்குனா ஜெயிச்ச ஆட்டம் தோத்ததுன்னு அர்த்தம். நாளைக்கு ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒண்ணு உங்க ஸ்கோரர் தீர்ப்பை மாத்தணும். இல்ல, அந்தம்மா உங்க டீம்தான்னு எனக்குத் தந்தி வரணும்." போனை வைத்துவிட்டார்.

ஸ்கோரர் தன் தீர்ப்பை ஒரு நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது பேஸ்பாலில் உள்ள வழக்கம்தான். ப்ரூயிட் வாரநாள்களில் குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன். சிரித்துக்கொண்டே மிரட்டத் தெரியும். "டெல்பர்ட், அடின்னு மாத்திடு. பையனுக்கு சாதனை, நமக்கு வெற்றி, எல்லாருக்கும் சந்தோஷம். இல்லேன்னா நாளையிலேர்ந்து கூண்டுல என் மச்சான் உக்காருவான்."

"உங்க மச்சானுக்கு இடது வலது தெரியாது, மிஸ்டர் ப்ரூயிட்."

"உக்காரத் தெரியும்ல?"

டெல்பர்ட்டின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் சரி என்று சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். நானும் அவனிடம் பேசவில்லை. க்ளோஸ்டர் குடும்பத்தின் பெயரை ஒலிபெருக்கியில் நாறடித்தவனிடம் என்ன பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே அவன் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனது. எங்கள் ஊரில் ஒருத்தர் மனசை மாற்ற வேண்டும் என்றால் அதுதான் வழி. ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை போனது. மீனும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட தட்டுகள் போயின. கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, கிண்ணம் கிண்ணமாகப் போனது. மேவிஸ் ஒரு முழு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு போனாள். டெல்பர்ட் ஒவ்வொன்றையும் வாங்கி, ருசி பார்த்து, "நன்றி. தீர்ப்பு மாறாது" என்று கதவைச் சாத்தினான். கோயிலில் பாதிரியார், பிறர் குற்றத்தைப் பெரிதுபடுத்தாத மனசைப் பற்றி அவனையே பார்த்துக்கொண்டு பிரசங்கம் பண்ணினார். டெல்பர்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வரும்போது, போன வாரத்தைவிட நீளம் என்று அவரிடமே சொன்னான்.

மதியம் மாட்டிறைச்சியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் சாப்பிட வரவில்லை. ஆர்வில் போனதிலிருந்து அப்படி ஒரு ஞாயிறு வந்ததில்லை. அவன் தட்டு என் எதிரே காலியாகக் கிடந்தது, என் கோபம் இன்னும் ஏறியது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவன் வீட்டுக்குப் போனேன்.

சமையலறை முழுக்க ஜெல்லி. நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் கூண்டு நாற்காலியின் மெத்தை. பக்கத்தில் பென்சில்களை ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தான். காலையிலேயே போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏன் சாப்பிட வரல?"

"நீ கோவமா இருப்பேன்னு."

"கோவமாத்தான் இருக்கேன். அதுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் பென்சில் கட்டை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

"அந்தப் பெல்மார் பையன் பேர்ல எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அவன் சரியாத்தான் வந்தான், வெர்னா. கையும் சரி, காலும் சரி. பாவம், இருபது வயசுப் பையன். அவன் பேர்ல எழுதினா அவன் கிழவனானாலும் அது நிக்கும்."

"அப்ப லைலுக்கு அடின்னு குடு."

"அது அடியா? நீயே சொல்லு."

நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும். "அடியில்லதான். ஈ ஓட்டுன மாதிரி இருந்துச்சு."

"நடந்ததுக்குக் காரணம் மீன். மீனுக்குக் காரணம் நீ."

"மீன் பேர்ல எழுதேன்!"

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மீன் தானா வரல." மெத்தையைத் தடவினான். "நீ எறியலன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே மாத்திடறேன். ஊர்ல வேற யார் சொன்னாலும் நம்பமாட்டேன். நீ சொன்னா எழுதிக்கிறேன்."

சொல்லியிருக்கலாம். அவன் நாற்காலி அவனுக்குக் கிடைத்திருக்கும், என் பெயரும் தப்பியிருக்கும். வாய் வரவில்லை.

"எறிஞ்சேன். நல்லாத்தான் எறிஞ்சேன்."

"ரொம்ப நல்லா எறிஞ்ச" என்றான் டெல்பர்ட். "நேரா, தாழ்வா. தோளைத் திறந்து எறிஞ்ச பாரு, கூண்டுலேர்ந்து பார்க்கவே அழகா இருந்துச்சு."

இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டவன். ஒரு நாள் அது நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை.

"நாற்காலி போயிடும்டா, மடையா."

"தெரியும்."

நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். வாசல் படியில் லைல் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அவரு மாத்திட்டாரா?"

"மாத்தல. மாத்தவும் மாட்டான். உன் தொடர் முடிஞ்சுபோச்சு. அழணும்னா உள்ள போய் அழு."

அவன் அழவில்லை. அங்கேயே குனிந்து ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான். இரண்டும் படியில் தாமாகவே நின்றன. "துவைச்சிருங்க மேடம்" என்றான். "அப்புறம் மேடம், சோளத்தைத் தவிர வேற ஏதாவது இருக்கா?" டெல்பர்ட்டுக்கு வைத்திருந்த மாட்டிறைச்சி முழுவதையும் நின்றுகொண்டே தின்றான். தின்றுவிட்டு மேசையிலேயே தலையை வைத்து, அந்தக் கோடையில் முதல் தடவையாகக் குறட்டை விட்டான்.

சாக்ஸை இடுக்கியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு ப்ரூயிட்டிடம் போனேன்.

"என்னைப் பதிவு பண்ணு."

"என்னது?"

"உன் இடதுகைப் பந்துவீச்சாளன் போன வாரம் அம்மா ஞாபகம் வந்து ஊருக்கு ஓடிட்டான். ஒரு இடம் காலியா இருக்கு. செயலாளர் தந்தி கேட்டார்ல? அனுப்பு."

"மிஸஸ் க்ளோஸ்டர், உங்களுக்கு வயசு என்ன?"

"அதை எதுக்குக் கேக்கற, கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"மட்டை பிடிக்கத் தெரியுமா?"

"திரும்பி நில்லு, காட்டறேன்."

அவன் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். போன் அடித்தது. டெஸ் மொயின்ஸ் பத்திரிகைக்காரன். துணி துவைக்கிற கிழவி பேரில் பிழை எழுதினார்களாமே, அவள் இன்று ஆடுகிறாளா என்று கேட்டான். ப்ரூயிட் இல்லை என்று வைத்தான். உடனே மறுபடி அடித்தது, வானொலிக்காரன். வைத்தால் மறுபடி. பஸ் வைத்துக்கொண்டு வருகிறோம், டிக்கெட் இருக்குமா என்று பக்கத்து ஊர்க்காரர்கள். ப்ரூயிட்டின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்சாதனப் பெட்டி விற்கிற முகமாக மாறியது. இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்.

எனக்குப் பெயர் எழுத நேரமாகும். வெர்னா என்று எழுதினேன். க்ளோ என்று எழுதினேன். பேனாவைத் தூக்கிவிட்டேன்.

"என்ன ஆச்சு? எழுதுங்க."

"டெல்பர்ட்டோட நாற்காலி டெல்பர்ட்டுக்குத்தான்."

"அது வேற விஷயம்..."

"அப்ப மீதிப் பேரை உன் மச்சானே எழுதட்டும்."

போன் மறுபடி அடித்தது. ப்ரூயிட் போனைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "சரி, சரி. அவனே உக்காந்து தொலையட்டும்." நான் மீதியை எழுதினேன். தந்தி போனது.

அன்று மைதானத்தில் உட்கார இடமில்லாமல் மரத்தில் எல்லாம் ஏறி நின்றார்கள். ஓடிப்போன இடதுகைக்காரனின் சட்டை எனக்கு முட்டிவரை வந்தது. அதில் பை கிடையாது. அதனால் பிக்கப் சாவியை டெல்பர்ட்டிடம் கொடுத்துவைத்தேன். அவன் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறிப் போனான்.  

ஆள்கள் உட்காரும் பள்ளத்தில் பையன்கள் புகையிலையைத் துப்பினார்கள். துவைக்கிறவள் யார் என்று கேட்டேன். விழுங்கிவிட்டார்கள். லைல் சுத்தமான சாக்ஸ் போட்டுக்கொண்டு, தூங்கி எழுந்த முகத்தோடு, முதல் தடவையே பந்தை வேலிவரை அடித்தான். இரண்டாம் தடவை நடுவர் அவனுக்கு எதிராக ஒரு பந்தைத் தப்பாகச் சொன்னார். அது தரையில் புழுதி கிளப்பிய பந்து. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"யோவ் நடுவர்! என் புருஷன் செத்து மண்ணுக்குள்ள இருக்காரு. அவருக்கே உன்னைவிட நல்லாக் கண்ணு தெரியும்!"

நடுவர் முகமூடியைக் கழற்றினார். "மேடம், நீங்க ஆட்டக்காரரா பார்வையாளரா?"

"ஆட்டக்காரிதான். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப வெளிய போங்க" என்று கையை வீசிக் காட்டினார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முந்தின நாள் என்னைக் கரித்துக்கொட்டியவர்கள்தான்.

வெளியேற்றப்பட்டவர் பள்ளத்திலும் இருக்கக் கூடாது, கூட்டத்தோடும் உட்காரக் கூடாது. வீட்டுக்குப் போகலாம் என்றால் சாவி கூண்டில். முட்டி கதற, ஏணியில் ஏறினேன். கூண்டுக்குள் அடுப்பு மாதிரி சூடு. டெல்பர்ட் டை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். களத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினான்.

"வெளியேத்தின ஆளு மைதானத்துக்குள்ளயே இருக்கக் கூடாது, வெர்னா. விதி இருக்கு."

"சாவியக் குடு. போறேன்."

ஒரு பையில் கையை விட்டான். இல்லை. இன்னொரு பையில் விட்டான். அங்கேயும் இல்லை. எழுந்து நின்று கோட்டைத் தடவினான், திரும்பித் தரையைப் பார்த்தான். கீழே கூட்டம் ஹோ என்றது. அவன் அப்படியே நின்றுவிட்டான். பந்து போட்டு முடிந்துவிட்டது, அவன் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து மைதானத்தில் ஒரு பந்தைக்கூடப் பார்க்கத் தவறாதவன். ஆர்வில் செத்தபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் மெதுவாக.

"ஒதுங்கிப் போச்சு. நம்ம ஆளு மட்டையத் தூக்கல."

அவன் என்னைப் பார்த்தான். குனிந்து எழுதிக்கொண்டான். ஓரத்தில் ரேடியோக்காரன் உட்கார்ந்திருந்தான்; அவனிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்தான். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, தாளைச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தான்.

"உக்காரு."

"சாவி?"

"ஆட்டம் முடியட்டும். விதியை நான் பார்த்துக்கறேன்."

உட்கார்ந்தேன். அந்த மெத்தையில் பஞ்சே இல்லை. ஆணி ஒன்று இடுப்புக்குக் கீழே குத்தியது. இதற்காகவா இந்த மனுஷன் காலமெல்லாம் காத்திருந்தான் என்று நினைத்தேன். ஆனாலும் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.